செட் இருக்கா தம்பி?

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் டிரம்ஸ் வாசிக்கிறவனை மெல்லிசைக் குழுவுக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, “தம்பி, சொந்தமா செட் இருக்கா?” என்றுதான். என்ன வாசிப்பான், யாரோடு வாசித்திருக்கிறான், தாளம் நிற்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இருக்கிறது என்றால் பேச்சு தொடரும். இல்லை என்றால், “சரிடே, பொறவு கூப்பிடுதேன்” என்று போனை வைத்துவிடுவார்கள். பிறகு கூப்பிட மாட்டார்கள்.

சரி, செட் வாங்கிவிடலாம் என்று இறங்கினால், போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க ஒரு குழு கையில் இருக்க வேண்டும். குழுவில் சேர செட் வேண்டும், செட் வாங்கக் குழு வேண்டும். பள்ளி முடித்த காலத்திலிருந்து நான் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். என்னோடு குச்சி பிடித்தவர்களில் என்னைவிட நன்றாக வாசித்த பையன்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று வாசிப்பதில்லை. திறமை போதாமல் நின்றவர்கள் மிகக் குறைவு. அந்த ஆற்றாமைதான் இதை எழுத வைக்கிறது.

எங்கள் பகுதியில் டிரம்ஸ்காரர்கள் பெரும்பாலும் சர்ச்சில் உருவாகிறவர்கள். பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிறு ஆராதனையில் ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், ஓரத்தில் ஒரு டிரம்ஸ் செட் இருக்கும். நானும் அப்படி ஓரத்தில் நின்று பார்த்து, ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு பெரிய அண்ணன்மார் எழுந்த இடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன். பணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள், பிழைகளைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்த இடம் இல்லையென்றால் எனக்கு டிரம்ஸே இல்லை. ஆனால் அந்த செட் ஆராதனைக்காகச் சபையார் காணிக்கை போட்டு வாங்கியது. அதை வெளியே எடுத்துப் போய்க் கோயில் கொடை விழா மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்க முடியாது. சபைப் போதகரான ஐயரிடம் அப்படிக் கேட்க எனக்கு ஒருபோதும் வாய் வந்ததில்லை, கேட்டிருக்கவும் கூடாது. ஆக, வாசிக்கத் தெரிந்த கை சர்ச்சுக்குள் தயாராகிறது. அதற்கு வெளியே காசு வரும் மேடைக்குப் போக அந்தக் கையோடு கூடவே ஒரு செட்டும் வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் டிரம்ஸின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு குழுவில் டிரம்ஸுக்கு ஒரே ஒரு இருக்கைதான். கிட்டார் என்றால் இரண்டு பேர் நிற்கலாம், ஒருவர் கார்டு பிடிக்க இன்னொருவர் லீடு வாசிக்கலாம். பாடகர்கள் ஆறு பேர்கூட வருகிறார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் ஒருவர். அவர் துபாய்க்குப் போனாலோ, கல்யாணம் முடித்து ராத்திரி வேலையை விட்டாலோதான் அந்த ஸ்டூல் காலியாகும்.

மேள உலகம் இப்படி இல்லை. எங்கள் ஊர்க் கொடைகளுக்கு வரும் நையாண்டி மேளத்தில் தவில் இரண்டு, அதோடு பம்பையும் உண்டு. இளம் பையன் இரண்டாவது தவிலாக உள்ளே வரலாம். பெரியவர் வாசிப்பதைக் காதால் வாங்கி, அவர் விட்ட இடத்தில் தொட்டு, சில வருடங்களில் முதல் தவிலுக்கு வந்துவிடலாம். கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல் வாத்தியமும் இரண்டு: உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. இரண்டாவது ஆளுக்கென்று அந்தக் கலைகளுக்குள்ளேயே ஓர் இடத்தை வைத்திருக்கிறார்கள். தீயில் காய்ச்சித் தோலை ஏற்றுவதிலிருந்து, பாடுகிறவர் மூச்சு வாங்கும்போது எப்படி நிரப்புவது என்பது வரை அந்த இரண்டாவது இடத்தில் நின்றுதான் படிக்கிறார்கள். டிரம்ஸில் அப்படி ஓர் இடமே கிடையாது. முதல் நாளே முழுப் பொறுப்பு, அல்லது வெளியே.

டிரம்ஸ் கலைஞர் சிவமணி அவர்களைப் பார்த்துத்தான் எங்கள் தலைமுறை குச்சியைக் கையில் எடுத்தது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்களுக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தோம். இருந்தாலும் இளம் பையன்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. அவர் மேடையில் செய்வது ஒரு தனிக் கலைஞரின் வாசிப்பு. உள்ளூர்க் குழுவில் நம்மிடம் எதிர்பார்ப்பது பாட்டின் வேகம் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை மாறாமல் இருப்பதை. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும் இடத்தில் பாடகருக்குத் தெளிவாக ஓர் அடையாளம் கொடுத்தால் போதும், அவர் நம்மை அடுத்த கச்சேரிக்கும் கேட்பார். குச்சிகளை வேகமாக உருட்டி ரோல் அடிப்பதைப் பத்து வீடியோ பார்த்துப் பழகிய பையன், தெம்மாங்கு நடையில் ஒரு பாட்டை ஐந்து நிமிடம் ஒரே சீராகக் கொண்டுபோகத் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அதைச் சொல்லித்தரக் குழுவுக்குள் ஆள் இல்லை, ஏனென்றால் அவனுக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருந்தவர் போன பிறகுதான் அவன் வந்திருக்கிறான்.

இந்த ஒரே இருக்கையும் இப்போது பேடுக்கு, அதாவது குச்சியால் தட்டினால் பல வாத்தியங்களின் ஒலியைத் தரும் மின்னணுப் பலகைக்கு, போய்க்கொண்டிருக்கிறது. ரோலண்டு நிறுவனம் முதல் ஆக்டாபேடை 1985-இல் கொண்டுவந்தது. இன்று தென் மாவட்டக் கச்சேரிகளில் அந்த நிறுவனத்தின் எஸ்பிடி வரிசைப் பேடு இல்லாத மேடையைப் பார்ப்பது அரிது. பேடு வாசிப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களில் அருமையான கலைஞர்கள் இருக்கிறார்கள். ஒரே கருவியில் தவில், டோலக், காங்கோ, கைதட்டல் எல்லாவற்றையும் இரண்டு குச்சியில் கொண்டுவருவது சாதாரண வேலையும் இல்லை. குழு நடத்துகிற அண்ணாச்சிகள் ஏன் பேடை விரும்புகிறார்கள் என்பதும் எனக்கு நன்றாகவே புரிகிறது.

கொடை விழா மேடை என்பது பல ஊர்களில் இரும்புப் பீப்பாய் மேல் பலகை அடுக்கிக் கட்டியது, இல்லையென்றால் டிராக்டர் டிரெய்லர். அதில் முழு செட்டைப் பரப்பினால் பாடகர்கள் நிற்க இடம் குறைகிறது. ஊர் சவுண்டு சர்வீஸ்காரரிடம் இருக்கும் மிக்சரில் பாதிச் சேனலை டிரம்ஸ் மட்டுமே விழுங்கிவிடும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக்குக்கு ஒன்று, வாசிப்பவன் முன்னால் இருக்கும் ஸ்னேருக்கு ஒன்று, மற்ற டிரம்களான டாம்களுக்கு இரண்டு, மேலே இரண்டு என்று மைக் வைக்க வேண்டும், வைத்த மைக் எல்லாம் பக்கத்து ஸ்பீக்கரையும் சேர்த்து இழுத்து ஊளையிடும். பேடுக்கு இரண்டு ஒயர் போதும். நேரம் அடுத்த காரணம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பூஜை முடிந்து, தலைவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, கச்சேரி தொடங்கவே எட்டரை ஆகிவிடும் ஊர்களில், டிரம்ஸ் கட்டி ஒலி சரிபார்க்க முக்கால் மணி நேரம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

இவ்வளவும் நியாயமான காரணங்கள். ஆனாலும் தரையோடு சேர்ந்து கிக் டிரம் அதிரும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை திரும்பிப் பார்க்கிறதே, அந்த ஒன்றைப் பேடு தராது. பாடகர் மெதுவாகப் பாடினால் டிரம்ஸும் மெதுவாகும், அவர் குரலை உயர்த்தினால் குச்சி தானாக ஏறும். அந்த ஏற்ற இறக்கம் மேடையிலேயே, காற்றில் நடக்கிறது. அதற்காக அரை மணி நேரம் முன்னதாக வந்து கட்டவும், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கடைசி ஆளாக நின்று கழற்றவும் நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் எல்லாரும் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

சொந்தப் பாட்டு போடும் பேண்டுகள் எங்கள் ஊரில் உருவாகாமல் இல்லை. பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு வருடமும் உருவாகின்றன. மூன்றாம் ஆண்டில் சூடு பிடிக்கும். நான்காம் ஆண்டு முடிந்ததும் கீபோர்டு சென்னைக்கு, கிட்டார் பெங்களூருக்கு, பாடகர் கோவைக்கு. மிஞ்சுவது வாட்ஸ்அப் குழுவும் பாதி பதிவான ஒரு பாட்டும். கிட்டார் வாசிக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்தான் கிடைப்பதில்லை. பேஸ் இல்லாமல் டிரம்ஸ்காரன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கிக்கும் பேஸும் சேர்ந்து விழுந்தால்தான் பாட்டுக்கு அடித்தளம்.

இனி வாங்குவதைப் பற்றி. இதில் ஏமாற்றம் படத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. பெட்டியின் மேலும் விளம்பரத்திலும் பளபளவென்று முழு செட் நிற்கும். விலையும் எட்டக்கூடியதாகத் தெரியும். பணம் கட்டிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் டிரம் உடல்கள் மட்டும். சிம்பல் எனும் உலோகத் தட்டுகள், ஸ்டாண்டுகள், பெடல், உட்காரும் ஸ்டூல் எல்லாம் தனி. ‘ஷெல் பேக்’ என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முதல் செட் வாங்குகிற ஒரு குடும்பத்துக்கு, அதுவும் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிய குடும்பத்துக்கு, அதன் அர்த்தம் எப்படித் தெரியும்? கடைக்காரர் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

சின்ன ஊர்க் கடைகளில் ஹார்மோனியம் இருக்கும், கிட்டார் கம்பி இருக்கும், டிரம்ஸுக்கு என்று கண்ணாடி அலமாரியில் நாலைந்து ஜோடி குச்சி மட்டும் இருக்கும். ஹிக்கரி மரத்தில் செய்த நல்ல ஜோடி 700, 800 ரூபாய்க்குக் குறையாது. மலிவானதை எடுத்தால் ஒரே உறைக்குள் ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருக்கும். வாங்குமுன் கடையின் கண்ணாடி மேசைமேல் உருட்டிப் பாருங்கள். வளைந்த குச்சி துள்ளிக்கொண்டே உருளும். இரண்டையும் தனித்தனியாக ஒரு பலகையில் தட்டி ஒலியை ஒப்பிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

தேர்ந்தெடுத்து வாங்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டும். அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் 1842-இலிருந்து வாத்தியம் விற்கிறது. அப்படிப்பட்ட கடைக்குப் போய், நாலு ஸ்னேரைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுக்கும் வாய்ப்பு சென்னைப் பையனுக்கு பஸ் தூரத்தில் இருக்கிறது. எங்களுக்கு அது நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி சுமார் 650 கிலோமீட்டர். போகச் செலவு, வரச் செலவு, அங்கிருந்து லாரி பார்சலில் அனுப்பச் செலவு என்று மூன்றும் விலையோடு சேரும். இணையத்தில் வாங்கினால் தட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டும். வெளிநாட்டு செட்டுக்கு இறக்குமதி வரியும் விலைக்குள் வந்துவிடுகிறது. கடைசியாக நான் வாங்கியபோது டிரம்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கையால் செய்யும் நம் நாட்டு வாத்தியங்களுக்கு வரி இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவற்றைச் செய்கிறவர்கள் பிழைக்க வேண்டும். ஆனால் மாசத்துக்கு நாலு மேடை கிடைத்தால் பெரிது என்று இருக்கும் ஒருவனுக்கு அந்த 18 சதவீதம் இரண்டு மாத வருமானம்.

ஆகவே பழைய செட்டுக்கு வருகிறோம். நானும் பழையதைத்தான் வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: டிரம்மின் தலையை, அதாவது அடிக்கும் தோலை, இரண்டு பக்கமும் கழற்றச் சொல்லுங்கள். டிரம் உடலைத் தட்டையான கிரானைட் மேல் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்து, விளக்கை அணைத்துவிட்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் விளிம்பு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு முறுக்கினாலும் அந்த டிரம் ஒழுங்காகச் சுதி சேராது. சிம்பலின் நடு ஓட்டையை விரலால் தடவுங்கள். வட்டம் ஒரு பக்கம் சாவித் துவாரம்போல் இழுத்திருந்தால், ஓட்டைக்குள் போடும் ஸ்லீவ் உறை இல்லாமல் வருடக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். அதைச் சொல்லாமல்தான் விற்பார்கள்.

வாங்கிய பிறகு உதிரி பாகம். தலையை முறுக்கும் திருகாணி ஒன்று தொலைந்தால் நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. டிரம்ஸ் திருகாணிகள் பெரும்பாலும் 12-24 என்ற அமெரிக்க அங்குல அளவில் வருகின்றன. நம் கடைகளில் இருப்பது மில்லிமீட்டர் அளவு. 5 மி.மீ. ஆடும், 6 மி.மீ. நுழையாது. இது தெரியாமல் கட்டாயப்படுத்தித் திருகி, திருகாணி இறங்கும் லக்கின் மரையையே கெடுத்த செட்டுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறை அண்ணாச்சி என் பழைய திருகாணியை மாதிரிக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அதே மரையில் புதியதை வெட்டிக் கொடுத்தார். இசைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. “இதுல ஒரு நூல் கூடினாலும் புடிக்காதுல்லா” என்று சொல்லி மூன்று தடவை அளந்தார். சிம்பல் ஸ்டாண்டின் மேல் நட்டு மட்டும் பெரும்பாலும் 8 மி.மீ., அது எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்லீவுக்கு மீன் தொட்டியில் காற்று விடும் டியூபை வெட்டிப் போட்டால் போதும்.

சிம்பல்தான் எனக்கு மிகப் பெரிய ஏக்கம். தொடக்கநிலை செட்டோடு தருவது பித்தளைத் தட்டு. அடித்தால் ஒலி விரியாமல் அங்கேயே விழுந்துவிடும். அதற்கு அடுத்த படியில் பி8 என்பார்கள், செம்பு 92, வெள்ளீயம் 8. உண்மையான ஒலி பி20-இல் தொடங்குகிறது: செம்பு 80, வெள்ளீயம் 20. ஸில்ஜியான் குடும்பம் 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் தொழில் தொடங்கியதும் இந்தக் கலவையை வைத்துத்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது கிடந்து அடித்துக்கொள்ளும், ஏனென்றால் இந்த உலோகம் நமக்கு அந்நியமே இல்லை. கோயில் மணியும் சேமக்கலமும் வில்லிசையில் ஒலிக்கும் ஜால்ராவும் வெள்ளீயம் கூடிய வெண்கலம்தான். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் வரும் ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்தவற்றில் வெள்ளீயம் மிகுந்த வெண்கலப் பாத்திரங்களும் உண்டு. உடையக்கூடிய இந்தக் கலவையைச் சூட்டிலேயே அடித்து மெல்லிய தகடாக்கும் நுட்பம் தாமிரபரணிக் கரையில் அவ்வளவு பழையது. சிம்பல் செய்யத் தேவையான நுட்பத்தின் மையமும் அதுவே. கரையோரம் இருந்துகொண்டு நான் ஒரு 16 அங்குல கிராஷ் சிம்பலுக்காகத் துருக்கியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த தட்டை, என்னால் தாங்க முடியாத விலைக்குக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு வெண்கலப் பட்டறையும் ஒரு டிரம்ஸ்காரனும் ஓராண்டு சேர்ந்து உட்கார்ந்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

செட் வந்துவிட்டது என்றே வையுங்கள். எங்கே வாசிப்பது? ஓட்டு வீட்டில், சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், ஸ்னேரை ஒரு தடவை அடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இரத்தக் கொதிப்பு, எதிர்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒட்டுப்பலகைமேல் லாரி டியூப் ரப்பரை ஒட்டி வைத்துப் பழகுவேன். கைக்கு அது போதும். காலுக்குப் போதாது, காதுக்கும் போதாது. டிரம்ஸில் பாதி வித்தை ஒவ்வொரு பாகத்தையும் எவ்வளவு சத்தமாக அடிப்பது என்பதில் இருக்கிறது, அதை ரப்பரில் பழக முடியாது.

இதையெல்லாம் யோசித்துத்தான் போன வருடம் நாங்கள் மூன்று டிரம்ஸ்காரர்கள் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். பொதுவாக, ஒரே இருக்கைக்குப் போட்டி போடுகிறவர்கள் நாங்கள். ஒருவருக்கு மேடை கிடைத்தால் மற்ற இருவருக்கு இல்லை. ஆனாலும் செட்டைப் பொதுவில் வாங்கலாம் என்று பேசினோம். ஒருவரிடம் நல்ல ஸ்டாண்டுகள் இருந்தன, என்னிடம் டிரம் உடல்கள், மூன்றாமவர் புதிதாக ஒரு ஸ்னேரும் ஒரு ரைடு சிம்பலும் வாங்கினார். டவுன் பக்கம் ஒரு நண்பரின் மாமா தன் அரிசிக் குடோனின் பின்னறையைச் சாயங்காலங்களில் கொடுத்தார். மூட்டைகள் அடுக்கிய அறை என்பதால் சத்தம் வெளியே போவதில்லை. மேடை யாருக்கு வருகிறதோ அவர் செட்டை எடுத்துப் போவார். கிடைக்கிற பணத்தில் ஒரு பங்கு, தலை மாற்றவும் பெடல் ஸ்பிரிங் வாங்கவும் பொது டப்பாவுக்குப் போகும். தசரா நாட்களில் ஒரே ராத்திரி இருவருக்கு அழைப்பு வந்தால், முதலில் வாக்குக் கொடுத்தவருக்கு செட், அடுத்தவருக்கு மற்றவர்கள் எங்கிருந்தாவது ஏற்பாடு செய்ய வேண்டும். அது ஒரு முறை சண்டையிலும் முடிந்தது. பேசித் தீர்த்தோம்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவர் பக்கத்தில் நின்று கேட்கிறோம். “அந்த இடத்துல ஓடுதீங்கண்ணே, புடிங்க” என்று என்னிடம் சொல்ல, என்னைவிட இளையவர் ஒருவர் இருக்கிறார். சரணத்துக்குத் திரும்பும் இடத்தில் என் வேகம் ஏறுகிறது என்பதை இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது பத்தாவது படிக்கும் இரண்டு பையன்களும் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். ஒருவன் ஹை-ஹாட் என்ற சிம்பல் ஜோடியை மட்டும் பிடிக்கிறான், நான் கிக்கையும் ஸ்னேரையும் வைத்துக்கொள்கிறேன். அவன் கை நிலைத்ததும் ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளுகிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஓர் அறையும் ஒரு பொது செட்டும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நூலகத்துக்குப் பக்கத்திலோ, சமுதாயக் கூடத்தின் மாடியிலோ எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்களே ஒரு செட் வாங்கி, ஸ்பீக்கரோடு சேர்த்து வாடகைக்கு விடுங்கள். மைக் எங்கே வைப்பது என்று ஒரு முறை சரியாகக் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு மேடையிலும் முக்கால் மணி நேரம் தேவைப்படாது, பதினைந்து நிமிடத்தில் முடியும். ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் வாடகைக்குத் தருகிற ஊரில் டிரம்ஸ் மட்டும் ஏன் வாசிப்பவன் வீட்டிலிருந்தே வர வேண்டும்? எங்கள் பக்கம் ஒரு சவுண்டு சர்வீஸ்காரரிடம் பேசியிருக்கிறோம். ஆடி முடியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அதுவரை குடோன் அறை இருக்கிறது. கிட்டார் வாசிக்கிற இருவரும் பாடுகிற ஒரு பெண்ணும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள், சொந்தமாக மூன்று பாட்டு கையில் இருக்கிறது. பேஸ் கிட்டாருக்குத்தான் இன்னும் ஆள் தேடுகிறோம்.